பிட்சிங் கோச்: ‘பந்துவீச்சுப் பயிற்சியாளர்’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம்.

பேஸ்பால் வீரர் டேவ் டங்கன் பற்றித் தமிழில் எழுதும் கட்டுரையில் மூன்று சொற்கள் இடறுகின்றன: பிட்சிங் கோச், மேனேஜர், தேர்ட் பேஸ் கோச். டங்கன் 1964இல் அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்குக்கு வந்து 1976 வரை கேட்சராக (அடிப்பவருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவராக) ஆடினார். அடிப்புச் சராசரி .214 மட்டுமே. 1972இல் ஓக்லாண்ட் அணியோடு அந்த லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றார். ஆனாலும் பெயர் நிலைத்தது பிட்சர்களை, அதாவது அடிப்பவருக்குப் பந்து போடுபவர்களை, பழக்கியதால்தான். 1983 முதல் 2011 வரை மேனேஜர் டோனி லா ருசாவோடு சிகாகோ வைட் சாக்ஸ், ஓக்லாண்ட், செயின்ட் லூயிஸ் என மூன்று அணிகளில் அந்த வேலை. பந்துவீச்சுப் பயிற்சியாளர், மேலாளர், மூன்றாம் தளப் பயிற்சியாளர் என்று போட்டுவிடலாமா?

———

> மேலாளர்

வேண்டாம். கிரிக்கெட் பழகிய நம் வாசகருக்கு அணி மேலாளர் என்றால் பயணச்சீட்டும் விடுதி அறையும் பார்ப்பவர். பேஸ்பாலில் அடிப்பு வரிசையை எழுதுவதும், பிட்சரை எப்போது மாற்றுவது, அடுத்து யாரை அனுப்புவது என்று முடிவெடுப்பதும் அவர்தான். கிரிக்கெட் அணித்தலைவர் களத்தில் நின்று செய்வதை இவர் களத்தோர இருக்கையிலிருந்து செய்கிறார். ‘அணி நடத்துநர்’ என்றால் விசிலும் பையுமாகப் பேருந்துப் படியில் நிற்பவர்தான் கண்முன் வருவார். ‘ஆட்டநெறியாளர்’ என் பரிந்துரை.

> மூன்றாம் தளப் பயிற்சியாளர்

இவர் அந்த இடத்தில் யாருக்கும் எதையும் பயிற்றுவிப்பதில்லை. இரண்டாம் தளத்திலிருந்து ஓடிவருபவரை ஓட்டம் நிறைவுறும் ஹோம் தளம்வரை விடுவதா, மூன்றிலேயே நிறுத்துவதா என்று நொடியில் கணிப்பவர். வெளிக்கள வீரரின் கைவலு, ஓடுபவரின் வேகம், எத்தனை பேர் ஆட்டமிழந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கணிப்பில் அடக்கம். கையைச் சுழற்றினால் ஓடு, இரு கையையும் உயர்த்தினால் நில். பதற்றத்தில் ஓடுபவரைப் பிடித்து உதவினால் ஓடுபவர் அவுட். ஆகவே ‘தளச் சைகையாளர்’.

———

இலங்கையில் கோச் என்றால் பயிற்றுவிப்பாளர்தான். செய்தித்தாள்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகின்றன. ‘பயிற்சி மருத்துவர்’ என்றால் கற்பவர், ‘பயிற்சியாளர்’ என்றால் கற்பிப்பவர் என்ற குழப்பம் இதில் இல்லை. பேஸ்பால் அணியில் காயங்களைக் கவனிக்க ட்ரெய்னர் என்று வேறொருவரும் இருக்கிறார். இருவரையும் பயிற்சியாளர் ஆக்கினால் யார் யாரென்று தெரியாது.

வீச்சு என்பதிலும் உடன்பாடில்லை. கிரிக்கெட்டில் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் அது வீச்சல்ல, எறி. முரளிதரன் மேல் வந்த குற்றச்சாட்டே அதுதானே! பிட்சர் முழங்கையை மடக்கி விரித்துத்தான் போடுகிறார். அங்கே குற்றமான சொல் இங்கே பொருத்தமான சொல். எறிநர், எறிவுப் பயிற்றுவிப்பாளர்.

———

எறிநர் நன்று. டங்கன் கட்டுரைக்கு இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்படும்.

ஒன்று, சிங்கர் (sinker) என்ற எறிவு வகை. அவருடைய பாடத்தின் அச்சாணியே அது. ‘தாழ்பந்து’ என்றால் தாழ்வாக வரும் எந்தப் பந்தும் ஆகிவிடும். இது முழங்கால் உயரத்துக்கு வருவதுபோல் தோன்றி மட்டைக்கு அருகில் இறங்கும் பந்து, ‘அமிழ்பந்து’ எனலாம். சுட்டுவிரலையும் நடுவிரலையும் தையல்கள் நெருங்கும் இடத்தில், தையலோடு நீளவாக்கில் வைத்துப் பிடிப்பார்கள். அடிப்பவர் பந்தின் மேற்பாதியைத் தொட, பந்து தரையில் உருளும். சில வேளை ஒரே உருளலில் இருவர் ஆட்டமிழப்பார்கள். எறிவு எண்ணிக்கை குறையும், கை களைக்காது. வேகத்துக்கு ஆசைப்பட்டு முறுக்கி எறிந்தால் பந்து அமிழாமல் இடுப்புயரத்தில் தட்டையாக வந்து ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் போன்றது) ஆகும். உள்கள வீரர்கள் மந்தமானால் சரியான அமிழ்பந்தும் வீண்.

இன்னொன்று, குளோசர், அதாவது ஆட்டத்தை முடித்துவைக்க வரும் எறிநர். ‘முடிப்பாளர்’ என்றால் தோனி நினைவுக்கு வருவார், அது மட்டையாளர் வேலை. டென்னிஸ் எக்கர்ஸ்லி 1987இல் ஓக்லாண்டுக்கு வரும்வரை பெரும்பாலும் ஆட்டத்தைத் தொடங்கும் எறிநர். லா ருசாவும் டங்கனும் அவரைக் கடைசி இன்னிங்ஸுக்கு (ஓர் ஆட்டத்தில் ஒன்பது சுற்று) மாற்றினார்கள். 1990இல் 73⅓ இன்னிங்ஸில் அவர் கொடுத்த இலவச நடை (தவறான எறிவுகளால் அடிப்பவருக்குக் கிடைக்கும் முதல் தளம்) நான்கே. ‘நிறைவு எறிநர்’ போதும்.

———

‘பயிற்றுவிப்பாளர்’ எனும்போது ஆட்ட நேர வேலை விட்டுப்போகிறதே? டங்கன் எதிரணி அடிப்பவர் ஒவ்வொருவருக்கும் குறிப்பு வைத்திருந்தவர். ஆட்டத்தின் நடுவே எறிநர் நிற்கும் மேட்டுக்குப் போய் அவரிடம் பேசுவதும் பெரும்பாலும் இந்தப் பதவிக்காரர்தான். ஒரே இன்னிங்ஸில் ஒரே எறிநரிடம் இரண்டாம் முறை போனால் அந்த எறிநரை மாற்றியே ஆகவேண்டும். எனவே எப்போது போவது என்பதே ஒரு கணக்கு.

———

அதற்காகப் பதவிப் பெயரை நீட்ட வேண்டாம். அந்தச் செயலுக்குத் தனிச்சொல் இருக்கட்டும், ‘மேட்டு அணுகல்’. கட்டுரையின் முதல் வரி இப்படி: “டேவ் டங்கன், கேட்சராக ஆடி, பின்னர் ஆட்டநெறியாளர் லா ருசாவின் எறிவுப் பயிற்றுவிப்பாளராகப் பணியாற்றியவர்.” கேட்சருக்கு ‘பிடிப்பவர்’ என்று போட்டால் பறக்கும் பந்தைப் பிடிக்கும் எல்லோரும் அதில் வந்துவிடுவார்கள். அடுத்த மடலில் அதை எடுத்துக்கொள்வோம்.