ஐமேக்கின் உள் டிஸ்க்கை அப்படியே வெளி எஸ்எஸ்டிக்கு குளோன் செய்து, அதிலிருந்தே பூட் செய்ய முடியுமா?

காலண்டர்கடை:

வணக்கம். சிவகாசியில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். காலண்டர், பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் செய்வதுதான். இருப்பது 2017 ஐமேக், 21.5 இன்ச், உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஓஎஸ் மான்டரே. இத்தனை வருடம் ஓடிய ஓட்டத்தில் டிஸ்க் களைத்துவிட்டது. காலையில் ஆன் செய்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்து, பேப்பரையும் ஒரு புரட்டு புரட்டிவிட்டு வந்தாலும் ஃபோட்டோஷாப் ஐகான் கீழே குதித்துக்கொண்டேதான் இருக்கும்.

உள்ளேயே எஸ்எஸ்டி மாற்றலாம் என்று ஒரு கடையில் கேட்டேன். திரையைப் பசை நாடாவில் ஒட்டியிருக்கிறார்கள், அறுத்துத்தான் திறக்க வேண்டும், உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சரி வேண்டாம் என்று 1 டிபி வெளி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிவந்து, உள்ளே இருந்த எல்லா ஃபோல்டரையும் ராத்திரி முழுக்க இழுத்துப் போட்டேன். பாதி ஃபைலுக்கு அனுமதி இல்லை என்றது. மிச்சம் ஏறியது, ஆனால் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் அந்த டிஸ்க் பட்டியலிலேயே வரவில்லை. டிஸ்க் யுடிலிட்டியில் ரீஸ்டோர் கொடுத்தும் பார்த்தேன், பாதியில் எரர்.

ஓஎஸ் புதிதாகப் போடு என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். பாமினி தொடங்கி எத்தனையோ பழைய தமிழ் எழுத்துரு, அதற்கான கீபோர்டு, பிரஷ், ஆக்‌ஷன் எல்லாம் பத்து வருடமாகச் சேர்த்தது. எது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியிட வேண்டும், அதற்குள் இதை முடிக்கணும்.

பழையமேக்:

அண்ணாச்சி, நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதைத்தான் சொல்லப்போகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

முன்பெல்லாம் இது ஒரு வேலையே இல்லை. குளோனர் மென்பொருளைத் திறந்து, இது மூலம், இது இலக்கு என்று காட்டிவிட்டுத் தூங்கப் போனால் காலையில் அச்சு அசலாக இன்னொரு டிஸ்க் ரெடி. 2019-ல் கேட்டலினா என்ற மேக் ஓஎஸ் வந்தபோது சிஸ்டத்தைத் தனி வால்யூமாகவும் (டிஸ்க்குக்குள் தனி அறை மாதிரி), நம்முடையதை இன்னொரு வால்யூமாகவும் பிரித்துவிட்டார்கள். ஃபைண்டரில் ஒரே டிஸ்க்காகத் தெரிகிறதே தவிர உள்ளே சிஸ்டம், டேட்டா, ப்ரீபூட், ரிக்கவரி என்று ஒரு கூட்டுக்குடும்பமே குடியிருக்கிறது. நீங்கள் இழுத்துப் போட்டதில் ப்ரீபூட் போயிருக்காது. பூட் ஆவதற்கான ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன, அதனால்தான் ஆப்ஷன் பட்டியலில் டிஸ்க் வரவில்லை.

2020-ல் வந்த பிக் சர் இன்னும் ஒரு படி மேலே. சிஸ்டம் வால்யூமுக்கு அரக்கு சீல் வைத்துவிட்டார்கள். இன்ஷூர்டு பார்சலைப் பிரித்து, உள்ளே இருப்பதை வேறு பெட்டியில் அதே மாதிரி அடுக்கினாலும் பழைய சீல் வராது அல்லவா, அதே கதைதான். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஹாஷ், அதாவது கைரேகை மாதிரி ஒரு எண், அதையெல்லாம் சேர்த்து மேலே ஒரு ஹாஷ், அதன் மேல் ஆப்பிளின் கையெழுத்து. சாதாரண காப்பியில் அந்த சீல் வராது.

இப்போது நல்ல செய்தி. சீல் வைத்த அந்தப் பகுதியில் உங்களுடையது என்று ஒரு ஃபைல்கூட இல்லை. சிவகாசியில் உங்கள் மேக்கில் இருப்பதும் சிங்கப்பூரில் ஒருவர் மேக்கில் இருப்பதும், வெர்ஷன் ஒன்றாக இருந்தால் ஒரே சிஸ்டம்தான். அதை எதற்குக் காப்பி எடுக்க வேண்டும்? புதிதாகவே இறக்கிக்கொள்ளலாம். பாமினி, பிரஷ், கீபோர்டு எல்லாம் டேட்டா பக்கத்தில் இருக்கிறது. அதை முழுதாகக் கொண்டுவர மைக்ரேஷன் அசிஸ்டன்ட் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நீங்கள் கேட்ட குளோன்தான்.

செய்கிற விதம்: டிஸ்க் யுடிலிட்டியில் வியூ மெனுவில் எல்லா டிவைஸையும் காட்டச் சொல்லுங்கள். இதைப் பலர் விட்டுவிடுவார்கள். எஸ்எஸ்டியின் மேல் வரியை, அதாவது வால்யூமை அல்ல, டிவைஸையே தேர்ந்தெடுத்து அழியுங்கள். ஃபார்மட் ஏபிஎஃப்எஸ், ஸ்கீம் ஜியுஐடி. உள்ளே இருப்பதன் பெயரையே இதற்கும் வைக்காதீர்கள், அப்புறம் எது எது என்று தெரியாமல் முழிப்பீர்கள். பிறகு ஆப் ஸ்டோரில் வென்ச்சுரா ஓஎஸ் இன்ஸ்டாலரை இறக்குங்கள், சுமார் 12 ஜிபி வரும். உங்கள் மாடலுக்கு அதுதான் கடைசி. இன்ஸ்டாலரைத் திறந்ததும் உள் டிஸ்க்கைத்தான் காட்டும், மற்ற டிஸ்க்குகளைக் காட்டச் சொல்லி எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு இடத்தில் அவசரப்பட வேண்டாம்.

முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் நாடு, மொழி எல்லாம் கேட்டுவிட்டு, வேறு மேக்கிலிருந்தோ டிஸ்க்கிலிருந்தோ டேட்டாவைக் கொண்டுவரவா என்று கேட்கும். அங்கேயே ஆமாம் சொல்லி உள் டிஸ்க்கைக் காட்டுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று தாண்டிப்போய் அதே பெயரில் புது யூசர் உண்டாக்கினால், பிறகு மைக்ரேஷன் செய்யும்போது பழையதை மாற்றவா, பெயரை மாற்றவா என்று அது வேறு குழப்பம்.

நள்ளிரவு_டெர்மினல்:

பழையமேக் சொன்னது சரி. ஆனால் குளோனே முடியாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏஎஸ்ஆர் என்று ஆப்பிளின் சொந்தக் கருவி ஒன்று உண்டு, அதற்கு அந்த சீலோடு காப்பி எடுக்கத் தெரியும். கார்பன் காப்பி குளோனர் என்ற மென்பொருளில் பழைய முறை பூட்டபிள் காப்பி என்று ஒரு வசதி இருக்கிறது, அது உள்ளுக்குள் இதைத்தான் கூப்பிடுகிறது. 30 நாள் இலவசமாகப் பார்க்கலாம். உங்களுடையது மாதிரி இன்டெல் சிப் மேக்கில் பெரும்பாலும் வேலை செய்கிறது. இலக்கு டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டுத்தான் தொடங்கும். அடுத்த முறை மாறியதை மட்டும் சேர்த்தால் டேட்டா மட்டும் புதுசாகும், சிஸ்டம் பழைய வெர்ஷனிலேயே நிற்கும். ஒரு தடவை இடம் மாறுவதற்கு என்றால் இதுவும் ஒரு வழி. ஆனாலும் என் ஓட்டு புது இன்ஸ்டாலுக்கே, எரர் வந்தால் எங்கே வந்தது என்றாவது தெரியும்.

நான் எழுத வந்தது கேபிள் பற்றி. போன் சார்ஜர் கேபிளை எஸ்எஸ்டியில் குத்திவிட்டு ஸ்பீடே இல்லை என்று ஒரு வாரம் புலம்பியவன் நான். சி வகை முனை இருந்தாலும் சார்ஜர் கேபிள் பலவற்றில் யூஎஸ்பி 2 வேகம்தான், நொடிக்கு 40 எம்பிகூடத் தாண்டாது. உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கே அதைவிட வேகம்! எஸ்எஸ்டியோடு பெட்டியில் வந்த கேபிளைப் போடுங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதியில் அந்த டிஸ்க்குக்கு நேராக 5 ஜிபிட் என்றோ 10 ஜிபிட் என்றோ இருக்க வேண்டும், 480 மெகாபிட் என்று இருந்தால் கேபிளை மாற்றுங்கள். உங்கள் ஐமேக்கின் பின்னால் வழக்கமான நான்கு ஓட்டையும் 5 ஜிபிட், பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்ன சி ஓட்டைகள் 10 ஜிபிட். எஸ்எஸ்டி 10 தாங்கும் என்றால் சியில் குத்துங்கள்.

வைகைக்கரை:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னிடம் விண்டோஸ் லேப்டாப், வீட்டுக்காரம்மாவிடம் எம்1 சிப் போட்ட மேக்புக் ஏர். இரண்டுக்கும் இப்படி ஒரு பூட்டபிள் டிஸ்க் எடுத்து பீரோவில் வைத்துவிட்டால், உள் டிஸ்க் என்றாவது போனால் அதைக் குத்தி வேலையைத் தொடரலாம் அல்லவா?

நள்ளிரவு_டெர்மினல்:

எம்1-ல் அந்தக் கணக்கு உதவாது நண்பரே. வெளி டிஸ்க்கிலிருந்து பூட் ஆகும், ஆனால் பூட்டின் முதல் சில படிகள் எப்போதும் உள் எஸ்எஸ்டியில்தான் நடக்கும். அது செத்துவிட்டால் வெளியே எத்தனை குளோன் வைத்திருந்தாலும் பயனில்லை. அதற்குப் பேசாமல் மேக்கோடு வரும் டைம் மெஷினில் பேக்கப் எடுங்கள். வேறு காரணத்துக்கு வெளி டிஸ்க்கில் ஓஎஸ் போடுவதாக இருந்தால், இடது பக்கம் இருக்கும் இரண்டு ஓட்டைகளில் திரைக் கீலுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தவிர்த்து மற்றதில் குத்துங்கள்.

விண்டோஸை யூஎஸ்பியிலிருந்து ஓட்ட விண்டோஸ் டு கோ என்று ஒன்று இருந்தது, 2020-ல் வந்த 2004 பதிப்போடு அதை நீக்கிவிட்டார்கள். க்ளோன்சில்லா என்ற குளோன் மென்பொருளால் காப்பி எடுத்த டிஸ்க்கை யூஎஸ்பியில் குத்தி பூட் செய்தால் பெரும்பாலும் பூட் டிவைஸை எட்ட முடியவில்லை என்று நீலத் திரைதான் வரும். அதே டிஸ்க்கை லேப்டாப்புக்குள்ளே பழையதன் இடத்தில் மாட்டினால் ஓடும். ஆக உங்களுக்கு அது பீரோவில் வைக்கிற உதிரி டயர் மாதிரி, மாட்டினால்தான் வண்டி நகரும். க்ளோன்சில்லாவுக்கு இலக்கு டிஸ்க் மூலத்தின் அளவாவது இருக்க வேண்டும் என்பதையும், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தனியாக எழுதி வைப்பதையும் மறக்க வேண்டாம். இன்னொன்று, குளோனையும் அசலையும் ஒரே நேரத்தில் மாட்டினால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். அதைப் பார்த்துப் பயந்து ஃபார்மட் அடித்துவிடாதீர்கள்.

சின்னமனூரான்:

எல்லாரும் காப்பி எடுப்பதையே பேசுகிறீர்கள். காலண்டர்கடை அண்ணே, முதலில் டிஸ்க் யுடிலிட்டியில் உள் டிஸ்க்கைத் தட்டி ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்வது) என்ன காட்டுகிறது என்று பாருங்கள். வெரிஃபைட் என்று வந்தாலும் நூறு சதவீதம் நம்ப முடியாது, ஃபெயிலிங் என்று வந்தால் மைக்ரேஷன் எல்லாம் அப்புறம். ஆல்பம் ஃபைலை மட்டும் முதலில் வேறு எதிலாவது எடுத்து வையுங்கள். ஏற்கெனவே தடுமாறுகிற டிஸ்க்கை எட்டு மணி நேரம் விடாமல் படிக்கச் சொன்னால் நடுவழியில் படுத்துவிடும். எங்கள் மாமா ஸ்டுடியோவில் அப்படித்தான் ஒரு சீசன் கல்யாண போட்டோ போயிற்று. முழு குளோன் 70 சதவீதத்தில் நின்றது, அந்த 70-லும் ஒரு ஃபைல்கூடத் திறக்கவில்லை.

பூட் டிஸ்க் பேக்கப் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளி எஸ்எஸ்டிக்கு மாறிவிட்டால் அதுதான் உங்கள் அசல். அதற்கு ஒரு நகல் தனியாக வேண்டும்.

பழையமேக்:

நகலுக்கு உள் டிஸ்க்கையே வைத்துக்கொள்ளலாமே, சும்மாதானே இருக்கப்போகிறது?

சின்னமனூரான்:

களைத்துப்போச்சு என்று ஓய்வு கொடுத்த டிஸ்க்கை நம்பியா? அது கூடுதல் நகலாக இருக்கட்டும், ஒரே நகலாக வேண்டாம். ஒரு சாதாரண 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி டைம் மெஷினுக்குக் கொடுங்கள், அதற்கு வேகம் தேவையில்லை.

காலண்டர்கடை:

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஸ்மார்ட் வெரிஃபைட் என்றே வந்தது. ஆனாலும் சின்னமனூர் தம்பி சொன்னதில் பயந்து ஆல்பம் ஃபோல்டரைத் தனியாக எடுத்துவிட்டுத்தான் தொடங்கினேன். சனிக்கிழமை ராத்திரி மைக்ரேஷனுக்கு விட்டேன். 610 ஜிபி, முதலில் 3 மணி நேரம் என்றது, பிறகு 9 என்றது, ஒரு கட்டத்தில் இன்னும் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் அப்படியே நின்றது. வீட்டில் எல்லாரும் தூங்கியாயிற்று, நான் மட்டும் அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் முடிந்தது.

எழுத்துரு எல்லாம் வந்துவிட்டது, பாமினியில் அடித்த ஒரு பழைய பத்திரிகையைத் திறந்தேன், ஒரு எழுத்துகூடக் கட்டமாகவில்லை. கீபோர்டு மட்டும் மேல் பட்டியில் இல்லை. ஃபைல் இருந்தது, இன்புட் சோர்ஸில் போய் மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. ஃபோட்டோஷாப் ஒரு தடவை லாகின் கேட்டது. முதல் நாள் கொஞ்சம் இழுத்தது, ஸ்பாட்லைட் எல்லாவற்றையும் புதிதாக அட்டவணை போட்டுக்கொண்டிருந்ததாம். இப்போது ஆன் செய்து நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் தயார்.

எஸ்எஸ்டியை ஸ்டாண்டுக்குப் பின்னால் வெல்க்ரோவில் ஒட்டி, கேபிளைச் செல்லோ டேப்பில் இறுக்கிவிட்டேன். தூசு தட்டுகிற பையனிடமும் சொல்லியாயிற்று. ஒரே ஒரு கேள்வி, உள் டிஸ்க்கை எப்போது அழிக்கலாம்?

பழையமேக்:

சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் போய் ஸ்டார்ட்அப் டிஸ்க்காக எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தீர்களா? இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் பழையதிலேயே பூட் ஆகி, அதில் வேலை செய்து சேவ் செய்துவிட்டு, அடுத்த நாள் நேற்று செய்த லேபிளைக் காணோம் என்று தேடுவீர்கள். டாக்கில் இருக்கிற ஐகானையும் ஒருமுறை பாருங்கள், சில சமயம் பழைய டிஸ்க்கில் இருக்கும் ஆப்பையே திறக்கும்.

அழிப்பது ஆல்பம் அச்சுக்குப் போன பிறகு.

காலண்டர்கடை:

ஸ்டார்ட்அப் டிஸ்க் மாற்றவில்லை! இத்தனை நாளும் ஆப்ஷன் கீயை அழுத்தியேதான் ஆன் செய்துகொண்டிருந்தேன். மாற்றிவிட்டேன்.