பாய்லர் டியூப் ஊதி வெடிக்கிறது, அலாய் போட்டால் நிற்குமா?

ஆரணி_மில்: அவசரம். வேலூர் பக்கம் அரிசி மில். பாய்லர் டியூப் ஊதி வெடித்துவிட்டது, எட்டு மாதத்தில் இது இரண்டாவது. அலாய் டியூப் போட்டால் தாங்கும் என்கிறார் வெல்டர். போடலாமா? நெல் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது.

பழைய_வெல்டர்: பிரஷர் எவ்வளவு? உள்ளே புகை போகும் ஸ்மோக் டியூபா, உலைச் சுவரில் உள்ள, உள்ளே தண்ணீர் ஓடும் வாட்டர் டியூபா? இரண்டு முறையும் ஒரே இடமா?

உமிக்கரி: டூப்ளிகேட் டியூப், சந்தேகமே இல்லை. ஸ்டெயின்லெஸ் 304 போடுங்கள், ஆயுசுக்கும் கவலையில்லை.

பழைய_வெல்டர்: நம்ம ஊர் போர் தண்ணீரில் 304-ஆ? குளோரைடும் சூடும் சேர்ந்தால் அது ஊதவே ஊதாது, நேராக விரிசல்தான்.

ஆரணி_மில்: பிரஷர் 10 கிலோ (சதுர செ.மீ.க்கு). உலைச் சுவர். அதே இடம்.

உலோகன்: இதை முதலிலேயே எழுதியிருந்தால் மூன்று பேர் நேரம் மிச்சம். 10 கிலோவில் தண்ணீர் கொதிப்பது 184 டிகிரியில். உள்ளே தண்ணீர் ஒழுங்காகத் தொட்டால் உலை எவ்வளவு எரிந்தாலும் டியூப் அந்த 184-ஐவிடக் கொஞ்சம்தான் கூடச் சுடும். சாதாரண கார்பன் ஸ்டீல் 425 டிகிரி வரை அசையாது. அதற்குமேல் போனால் அதே பிரஷரிலேயே நாள்கணக்கில் மெல்ல இழுபட்டு ஊதும். அதுதான் க்ரீப். வெல்டர் சொல்லும் அலாய், அதாவது குரோமியம், மாலிப்டினம் சேர்த்த ஸ்டீல், போட்டால் இழுபடுவது தாமதமாகும், அவ்வளவே. சூடு ஏன் ஏறியது? அதைக் கேளுங்கள். வெடித்த வாயின் உதடு கத்தி போல மெல்லிசா, தடிமனா? மெல்லிசு என்றால் திடீரெனத் தண்ணீர் இல்லாமல் போயிருக்கிறது. தடிமன் என்றால் உள்ளே உப்பு படிந்து மாதக்கணக்கில் வெந்திருக்கிறது.

உமிக்கரி: பாலாற்றுத் தண்ணீர் என்றால் தோல் தொழிற்சாலை உப்புதான் காரணம்.

செய்யாறுக்காரன்: ஆரணிக்குப் பாலாறு எங்கே வந்தது? அங்கே கமண்டல நாகநதி. அது வேலூர் மாவட்டமும் இல்லை, திருவண்ணாமலை. 1989-லேயே பிரித்தாச்சு.

உமிக்கரி: எங்கள் தாத்தாவுக்கு எல்லாமே வட ஆற்காடுதான் ஐயா.

செய்யாறுக்காரன்: தாத்தா பாய்லர் ஓட்டினாரா?

பழைய_வெல்டர்: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, எந்த டியூப் போட்டாலும் பாய்லர் இன்ஸ்பெக்டருக்குச் சொல்லாமல் வெல்டிங் வைக்காதே.

ஆரணி_மில்: உதடு தடிமன். உள்ளே ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு வெள்ளையாகப் படிந்திருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னரில், அதைப் புதுப்பிக்கப் போடும் உப்பைப் பொங்கலுக்கு அப்புறம் கொட்டவே இல்லையாம். ஊறின நெல்லைப் பக்கத்து மில்லுக்கு அனுப்பிவிட்டேன்.

பழைய_வெல்டர்: சரி, மற்ற டியூப்களைத் திறந்து பார்த்தாயா?

பழைய_வெல்டர்: தம்பி?