இரண்டு மாத மின்கட்டணம் 3,000 ரூபாயைத் தாண்டிவிட்டது: உப்புக் காற்றில் சூரிய மின்சாரம் தாங்குமா?

உச்சிப்புளி வாசகி:

எங்கள் வீடு உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலிலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 450 யூனிட்டுக்குள் அடங்கியிருந்த மின்செலவு, மாமியாருக்கு மூச்சிரைப்பு வந்து அவருடைய அறையில் ஏ.சி. பொருத்திய பிறகு 640 யூனிட்டை எட்டிவிட்டது. சென்ற முறை நாங்கள் கட்டிய தொகை 3,326 ரூபாய். சமையல் எரிவாயுவும் 2025 ஏப்ரலில் உருளைக்கு 50 ரூபாய் ஏறியது. இறங்கும் என்று காத்திருப்பதை நிறுத்திவிட்டோம்.

வீட்டில் மூன்று யோசனைகள் ஓடுகின்றன. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் மானியம் பெற்று, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, மாடியில் 3 கிலோவாட் சூரிய மின்தகடுகள் வைக்கலாம் என்கிறார் என் கணவர். போன வாரம் வந்த விற்பனையாளர் ஒருவர், "கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் உங்கள் கரையில் காற்றுக்கா பஞ்சம்" என்று கேட்டு, மாடியில் வைக்கும் சிறிய காற்றாலையைப் பரிந்துரைத்தார். மாமியாரோ, வீட்டைச் சுற்றிச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும்போது விறகடுப்பை ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார்.

எங்கள் ஜன்னல் கம்பியே மூன்று ஆண்டில் துருப்பிடித்து உதிர்கிறது. இந்தக் காற்றில் தகடுகள் தாங்குமா? கடன் வாங்கிச் செய்யும் அளவுக்கு இதில் பலன் உண்டா? புயல் நாளில் மின்சாரம் போனால் சூரிய மின்சாரமாவது கிடைக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேவிபட்டினம் ஓய்வாசிரியர்:

அம்மா, கடனைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2024 ஜூலையில் திருத்தப்பட்ட அட்டவணைப்படி, முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். அதற்கு மேல், மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஆனால் 500ஐத் தாண்டிய உடனே அட்டவணையே வேறாகிவிடுகிறது: 101 முதல் 400 வரை முழுவதும் 4.80, அடுத்த நூறுக்கு 6.45, அதற்கடுத்த நூறுக்கு 8.55, அதற்கும் மேலே 9.65 என்று ஏறுகிறது. ஆகவே 500 யூனிட் எரித்தவர் 1,805 ரூபாய் கட்டும்போது 510 யூனிட் எரித்தவர் 2,170 ரூபாய் 50 காசு கட்டுகிறார். பத்தே யூனிட்டுக்கு 365 ரூபாய்க்கு மேல். 2025 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது வீடுகளுக்கு விலக்களித்தார்கள் என்றாலும் இந்த 500 என்ற வரப்பு அப்படியேதான் இருக்கிறது.

நீங்கள் 640இலிருந்து 440க்கு இறங்கினால் கட்ட வேண்டியது 1,427 ரூபாய்தான். இருநூறு யூனிட்டை எங்கே குறைப்பது என்று கேட்பீர்கள். பழைய மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. (தூரிகையில்லா மோட்டார் கொண்ட) மின்விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. நம் கரையோரப் புழுக்கத்தில் நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் சுழலும் ஐந்து விசிறிகளை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 200 யூனிட் மிச்சமாகும். நான் ஐந்துக்கும் சேர்த்து 14,500 ரூபாய் கொடுத்தேன். உங்கள் கணக்கில் எட்டு முறை கட்டணம் கட்டுவதற்குள் அந்தப் பணம் திரும்பிவிடும். ஏ.சி.யை 22இல் வைக்காமல் 26இல் வைத்து, கூடவே விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் ஆறு விழுக்காடு அளவுக்கு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணிப்பு.

விறகைப் பொறுத்தவரை, குளிப்பதற்கு வெந்நீர் போட வெளிமுற்றத்தில் ஓர் அடுப்பு இருப்பதில் தவறில்லை. மூச்சிரைப்பு உள்ளவர் இருக்கும் வீட்டுக்குள் கருவேலம் புகை வேண்டவே வேண்டாம்.

கீழக்கரை மாடிவீடு:

ஆசிரியர் ஐயா சொன்ன விசிறிக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதை ஒப்ப மாட்டேன், ஏனென்றால் வீட்டில் மின்சாரத் தேவை ஆண்டுக்காண்டு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. இன்று ஓர் அறையில் இருக்கும் ஏ.சி. நாளை பிள்ளைகளின் அறைக்கும் வரும்.

நாங்கள் 2024இல் 3 கிலோவாட் வைத்தோம். மொத்தச் செலவு 1,95,000 ரூபாய். மானியம் 78,000 வங்கிக் கணக்குக்கு வந்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 என்பதுதான் திட்டத்தின் கணக்கு. நல்ல வெயிலில் கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது பாதியாகக் குறைந்த வாரங்களும் உண்டு. வாரியத்துக்கு நாம் அனுப்பியதைக் கழித்து, நாம் எடுத்த மீதிக்கு மட்டுமே கட்டணம். பகலில் கிடைக்கும் மின்சாரத்தை நம்பிச் சமையலில் பாதியை இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாற்றினோம். நாற்பது நாளில் தீர்ந்த எரிவாயு உருளை இப்போது எழுபது நாள் வருகிறது.

உப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உப்பு முதலில் தின்றது தகடுகளை அல்ல, அவற்றைத் தாங்கும் கால்களைத்தான். எங்களுக்குப் பொருத்திக் கொடுத்தவர்கள் சாதாரண இரும்புச் சட்டத்துக்கு வெள்ளிப் பூச்சு அடித்துவிட்டு, அதையே துத்தநாகம் ஏற்றியது என்று சொல்லிப் போனார்கள். இரண்டாவது கச்சான் முடிவதற்குள் வெல்டிங் வைத்த மூட்டெல்லாம் பொரிப்பொரியாக உதிர்ந்தது. பிறகு 22,000 ரூபாய் செலவழித்து, உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டங்களாக மாற்றினோம். முக்கியெடுத்த பிறகு அதில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். அறுத்த இடத்திலிருந்துதான் துரு தொடங்கும். போல்ட்டுகள் 316 தர எவர்சில்வராக இருக்கட்டும். தகடுகள் உப்புப் பனிச் சோதனையில் தேறியவையா என்பதற்கான சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள், ஐ.இ.சி. 61701 என்ற எண் அதில் இருக்க வேண்டும். தகடு தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரை மாடியில் வைக்காமல் கடற்காற்று நேரே படாத உள்சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

தகடுகளைக் கழுவுவதற்கு உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். காய்ந்ததும் வெள்ளைப் படலமாகப் படிந்து, தூசியைவிடக் கேடு செய்கிறது. நாங்கள் மழைநீர்த் தொட்டியிலிருந்து இரண்டு குடம் எடுத்து, விடிவதற்குள் மெல்லிய துணியால் துடைத்துவிடுகிறோம்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். உச்சி வெயிலிலும் நிற்கும். கம்பத்தில் வேலை செய்பவரின் மேல் நம் மாடி மின்சாரம் பாயாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. புயல் நாளில் விளக்கெரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் தேவை. அதற்குத் தனிச் செலவாகும்.

(இந்த மாவட்டத்திலேயே கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்குகிறது, வழுதூரில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. பக்கத்தில் விளைகிறது என்பதற்காக நமக்கு ஒரு காசும் குறைவதில்லை என்று எங்கள் வாப்பா ஒவ்வொரு முறை கட்டணம் கட்டும்போதும் சொல்வார்.)

பாம்பன் தெற்குவாடி:

காற்றாலை பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். என் மைத்துனர் மாடியில் ஒரு கிலோவாட் என்று சொல்லி விற்ற சிறிய காற்றாலையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: வேண்டாம்.

காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் ஆற்றல் பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஒரு கிலோவாட் என்பது நொடிக்கு 10, 12 மீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும்போது மட்டும் வருவது. 5, 6 மீட்டர் வேகத்தில் 125 வாட்டைப் பார்த்தாலே பெரிது. கச்சான் வீசும் ஆனி, ஆடியில் அது சுற்றியதை மறுக்கவில்லை. வாடை தொடங்கும் முன் காற்று ஓய்ந்து கடல் எண்ணெய்போல் கிடக்கும் நாட்களில் அது வெறும் அலங்காரம். மேலும் கடலில் படகைத் தள்ளும் காற்றும் தென்னந்தோப்புக்குள் நிற்கும் வீட்டின் மாடிக்கு வரும் காற்றும் ஒன்றல்ல. மரத்திலும் சுவரிலும் மோதிச் சுழித்து வருவதால் இறக்கை ஒருபக்கமாக நில்லாமல் அலைந்துகொண்டே இருக்கும். பதினாலு மாதத்தில் பேரிங் உப்பில் இறுகிவிட்டது. இரவில் அது போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கல் தனி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுற்றும் பெரிய காற்றாலைகள் நிற்கும் உயரம் வேறு, இடம் வேறு.

கீழக்கரைக்காரர் சட்டத்தின் துருவைச் சொன்னார். சட்டத்தைக் கட்டும் விதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியை 1964இல் இழந்தவர்கள் நாம். மாடித் தளத்தில் வெறும் திருகாணியில் நிற்கும் அமைப்பு புயலில் பட்டம்போல் கிளம்பும். தகட்டை மிக உயரமாகத் தூக்காமல், கனமான கான்கிரீட் கட்டைகளில் கால்களைப் புதைத்துத் தாழ்வாக வைக்கச் சொல்லுங்கள்.

உச்சிப்புளி வாசகி:

மூவருக்கும் நன்றி. காற்றாலை வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். முதலில் விசிறிகளை மாற்றிவிட்டு ஒரு கட்டணம் எப்படி வருகிறதென்று பார்க்கப் போகிறோம். 440க்கு இறங்கிவிட்டால் 3 கிலோவாட் தேவையில்லை, 2 போதும் என்று தோன்றுகிறது; இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் என்றால் எங்கள் செலவுக்குச் சரியாக இருக்கும், கடனும் குறையும். ஒரு கேள்வி மட்டும்: வீட்டுக்குத் தெற்கே எங்கள் கொழுந்தனாரின் தென்னை மரங்கள் மூன்று நிற்கின்றன. ஒரு தகட்டின் ஓரத்தில் மட்டும் நிழல் விழுந்தால் பரவாயில்லையா?

கீழக்கரை மாடிவீடு:

பரவாயில்லை என்று விடாதீர்கள், சகோதரி. தகடுகளை மாலைபோல் ஒன்றோடொன்று தொடுத்திருப்பதால், ஒன்றில் விழும் நிழல் வரிசை முழுவதையும் இழுத்துவிடக்கூடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போதுதான் தென்னை நிழல் மாடியில் நீண்டு விழும். இப்போது பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள். மார்கழியில் ஒரு நாள் காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று மணிக்கு நிழல் எங்கே விழுகிறதென்று சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்து, அந்தக் கோட்டுக்கு வெளியே தகடுகளைப் பொருத்தச் சொல்லுங்கள். இடம் போதாவிட்டால் தகட்டுக்கு ஒன்றாகச் சிறிய இன்வெர்ட்டர் வைக்கும் முறை இருக்கிறது; விலை கூடுதல்தான், ஆனால் கொழுந்தனாரிடம் மரத்தை வெட்டச் சொல்வதைவிட அது எளிது.