இறுக்கமான லைவ் மேசையில் நோ-லிமிட் ஹோல்டெம்: ஆட்டத்தை எந்தத் திசையில் மாற்றுவது?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். லாஸ் வேகஸில் 1/3 டாலர் (பிளைண்டுகள், அதாவது சீட்டுப் பார்க்கும் முன் இருவர் வைக்கும் கட்டாயப் பந்தயங்கள், 1 டாலரும் 3 டாலரும்) நோ-லிமிட் ஹோல்டெம் போக்கர் கேஷ் மேசையில் வார நாள் காலைகளில் ஆடி வருகிறேன். ஒன்பது பேர் உட்காரும் அந்த மேசையில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்ற உள்ளூர்க்காரர்கள். மணிக்கணக்கில் ஃபோல்ட் செய்துகொண்டிருப்பதில் (சீட்டைப் போட்டு விலகுவதில்) அவர்களுக்குச் சலிப்பே வருவதில்லை. நானும் நல்ல கைக்காக (சீட்டுச் சேர்க்கைக்காக) காத்திருக்கிறேன். ஆனால் ஏஸ் ஜோடியோ கிங் ஜோடியோ வந்து 15 டாலருக்கு ரெய்ஸ் செய்தால் (பந்தயத்தை உயர்த்தினால்) எல்லோரும் சீட்டைப் போட்டுவிடுகிறார்கள். பிளைண்டில் கிடக்கும் 4 டாலர் மட்டுமே என் பக்கம் வருகிறது. யாராவது கடைசி வரை கூடவே வந்தால், அவர் கை என்னுடையதைவிடப் பெரிதாக இருக்கிறது.

அண்மையில் நடந்த ஒரு கையைச் சொல்கிறேன். ஏஸ்-கிங் வைத்துக்கொண்டு நடு இடத்திலிருந்து 15 டாலருக்கு ரெய்ஸ் செய்தேன். பிக் பிளைண்டில் (3 டாலர் வைக்கும் இடத்தில்) இருந்த பெரியவர் மட்டும் கால் செய்தார் (அதே தொகையை வைத்தார்). தொடக்கத்தில் இருவரிடமும் 300 டாலர் இருந்தது. ஃப்ளாப்பில் (மேசையில் விரியும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளில்) கிங், 9, 4, மூன்றும் வெவ்வேறு இனம். அவர் செக் செய்தார் (பணம் வைக்காமல் விட்டார்), நான் 15 பெட் செய்தேன் (பந்தயம் வைத்தேன்), அவர் கால் செய்தார். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) ஒரு 6. மறுபடி செக் செய்தவர், நான் 40 பெட் செய்ததும் 120 ஆக உயர்த்திவிட்டார். இந்த இடத்தில் எது சரியான முடிவு? பொதுவாக இப்படிப்பட்ட மேசையில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

ஹெண்டர்சன்வாசி:

வணக்கம் நண்பரே. முதலில் காத்திருப்பதன் விலையைப் பாருங்கள். லைவ் மேசையில் மணிக்கு ஏறக்குறைய 27 கைகள் நடக்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒன்பது பேர் மேசையில் அது மூன்று சுற்று. சுற்றுக்கு 4 டாலர் வீதம் நீங்கள் ஒன்றும் ஆடாமலே மணிக்கு 12 டாலர் கரைகிறது. ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைகளுக்கு ஒரு முறைதான் வரும், அதாவது எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. அப்படி வரும்போதும் எல்லோரும் ஃபோல்ட் செய்துவிடுகிறார்கள் என்றால், அந்தக் கையை நம்பி உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. இந்த மேசையில் வருமானம் இரண்டு வழிகளில் வருகிறது: அவர்கள் கைவிட்டுப் போகும் பாட்களை (நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தை) எடுப்பது ஒன்று, அவர்கள் ரெய்ஸ் செய்யும்போது நீங்கள் கொடுக்காமல் மிச்சப்படுத்துவது மற்றொன்று.

முதல் வழிக்குக் கணக்கு எளிது. பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடத்தில்) இருக்கிறீர்கள், உங்கள் முறை வரும் வரை எல்லோரும் ஃபோல்ட் செய்துவிட்டார்கள். 15 வேண்டாம், 10 டாலருக்கு ரெய்ஸ் செய்யுங்கள். 4 டாலரை வெல்ல 10 டாலரை வைப்பதால், 14-இல் 10 பங்கு, அதாவது 71 சதவீத நேரம் இருவரும் ஃபோல்ட் செய்தாலே நட்டமில்லை. பிளைண்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கைகளில் 12 சதவீதத்தை மட்டுமே வைத்துக்கொண்டு தொடர்கிறார்கள் என்றால், இருவரும் சேர்ந்து ஃபோல்ட் செய்யும் வாய்ப்பு 77 சதவீதம். உங்களிடம் என்ன சீட்டு இருக்கிறது என்பது கணக்கிலேயே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்; கால் வந்த பிறகு வெல்லும் பாட்கள் அதற்கு மேல் கூடுதல் வரவு.

ரேக்கையும் (பாட்டிலிருந்து அறை எடுக்கும் கட்டணத்தையும்) மறக்கக் கூடாது. நெவாடா விதிப்படி ரேக் பாட்டில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வோர் அறையும் அதற்குள் ஒரு டாலர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான அறைகளில் ஃப்ளாப் விழாவிட்டால் ரேக் எடுப்பதே இல்லை. ஆகையால் ஃப்ளாப்புக்கு முன்பே எடுக்கும் 4 டாலர் முழுமையாக உங்களுடையது. சின்ன பாட்களில் 10 சதவீதம் எவ்வளவு கடிக்கிறது என்பதை ஒரு மாதக் கணக்கு எழுதிப் பார்த்தால் தெரியும்.

ஃபோல்ட்மன்னர்:

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அந்தக் கணக்கு பட்டனுக்கும் அதை ஒட்டிய இடத்துக்கும் மட்டுமே பொருந்தும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதே 12 சதவீதத்தை வைத்துப் பாருங்கள்: பின்னால் நான்கு பேர் இருந்தால் எல்லோரும் ஃபோல்ட் செய்யும் வாய்ப்பு 60 சதவீதமாகவும், முதல் இடத்திலிருந்து எட்டுப் பேரும் ஃபோல்ட் செய்யும் வாய்ப்பு 36 சதவீதமாகவும் இறங்கிவிடுகிறது. மேசை இறுக்கமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முன் இடங்களில் (முதலில் ஆட வேண்டிய இடங்களில்) பலவீனமான கைகளோடு ரெய்ஸ் செய்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். ஒவ்வொருவரும் தனித்தனியே இறுக்கமாக ஆடினாலும், எட்டுப் பேரில் ஒருவரிடம் நல்ல கை இருப்பது சாதாரணம்.

இப்போது நீங்கள் கேட்ட கைக்கு வருகிறேன், ஏனெனில் பெரிய பணம் அங்கேதான் இருக்கிறது. டர்னில் நீங்கள் போட வேண்டியது 80 டாலர். பாட்டில் அப்போது 221 இருக்கிறது. அதை மட்டும் பார்த்தால் 27 சதவீத வெற்றி வாய்ப்பு இருந்தாலே போதும் போலத் தோன்றும். ஆனால் அவரிடம் இன்னும் 150 மிச்சம் இருக்கிறது, ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) அது வரும். அதையும் சேர்த்தால் 601 டாலர் பாட்டுக்காக 230 வைக்கிறீர்கள். 38 சதவீதம் தேவை. அப்படிப்பட்ட ஒருவர் செக் செய்து காத்திருந்து டர்னில் உயர்த்தும் கைகள் எவை? 99, 66, 44 ஆகிய ஜோடிகள் செட்டாகி (மேசைச் சீட்டோடு சேர்ந்து ஒரே எண் மூன்றாகி) நிற்கும் விதங்கள் ஒன்பது. செட்டுக்கு எதிரே உங்கள் ஒற்றை ஜோடிக்கு ரிவரில் மீள ஒரு சீட்டுகூடக் கிடையாது. கிங் வந்தாலும் அவருக்கு ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூன்றும் ஒரு ஜோடியும்) ஆகிவிடும். கிங்-9 இருந்தால் மூன்று ஏஸ் மட்டுமே உங்களைக் காப்பாற்றும். நீங்கள் வெல்லக்கூடிய கிங்-குயின் போன்ற கைகளை இந்த வயதுப் பெரியவர்கள் உயர்த்துவதில்லை, கால் செய்துகொண்டே வருவார்கள். ஏஸ்-கிங்கே அவரிடம் இருந்தாலும் பாட்டைப் பங்கு போடுவதுதான் நடக்கும். இது தயக்கமில்லாத ஃபோல்ட். ஃப்ளாப்பிலும் டர்னிலும் நீங்கள் பெட் செய்தது சரிதான். மோசமான கிங்குகள் அங்கே பணம் கொடுக்கின்றன.

ஃப்ளாப்புக்கு முன்பும் இதே நிலைதான். குயின் ஜோடியை வைத்துக்கொண்டு ஒரு ரெய்ஸுக்கு மேல் நீங்கள் மறுபடி ரெய்ஸ் செய்ய, அவர் அதற்கும் மேல் உயர்த்தினால், அவரிடம் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ்-கிங் மூன்றும் இருக்கலாம் என்று தாராளமாகக் கொடுத்தாலும் உங்கள் வாய்ப்பு 40 சதவீதம். ஏஸ்-கிங்கை அவர் வெறும் கால் செய்பவராக இருந்தால் அது 20-க்கும் கீழே போகிறது.

வைகைக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு ஐயம்: பிளைண்டைத் திருடும் ரெய்ஸுக்கு 10 டாலரும் நல்ல கைக்கு 15 டாலரும் வைத்தால், இத்தனை ஆண்டுகள் ஆடியவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட மாட்டார்களா? கால் வந்துவிட்டால் ஃப்ளாப்பில் என்ன செய்வது?

ஹெண்டர்சன்வாசி:

அளவைக் கையைப் பார்த்து மாற்றாதீர்கள், இடத்தைப் பார்த்து மாற்றுங்கள். பட்டனிலும் கட்-ஆஃபிலும் (பட்டனுக்கு முந்தைய இடத்திலும்) எந்தக் கைக்கும் 10, முன் இடங்களில் எந்தக் கைக்கும் 15 என்று வைத்துக்கொண்டால் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. இறுக்கமான ஆட்டக்காரர் தன் சீட்டைப் பார்த்தே முடிவெடுக்கிறார். 10 என்பதற்காகக் கூடுதலாக வருவதுமில்லை, 15 என்பதற்காகக் கூடுதலாகப் போவதுமில்லை.

கால் வந்தால் ஏஸோ கிங்கோ மேலே இருக்கும் காய்ந்த (சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாத) ஃப்ளாப்பில் பாதி பாட் பெட் செய்யுங்கள். மூன்றில் ஒரு முறை அவர் விட்டாலே போதும். ஜோடியில்லாத இரண்டு சீட்டுகள் ஃப்ளாப்பில் ஜோடி சேர்வது மூன்றில் ஒரு முறைதான். 77, 88 போன்ற நடுத்தர ஜோடிகளையும் அவர்கள் ஏஸைக் கண்டதும் கீழே போட்டுவிடுகிறார்கள். ஆனால் 9-8-6 போன்ற ஃப்ளாப்பில் கையில் ஒன்றுமில்லை என்றால் செக் செய்து விட்டுவிடுங்கள், அவர்களின் ஜோடிகள் குடியிருப்பது அங்கேதான். ஃப்ளாப்பில் கால் செய்தவர் டர்னில் மறுபடி செக் செய்து, ஃப்ளாப்பின் பெரிய சீட்டைவிடப் பெரியது ஒன்று விழுந்தால், இன்னொரு முறை பெட் செய்வது பெரும்பாலும் பலிக்கிறது. அதற்கும் கால் வந்தால் ரிவரில் ஒரு டாலரும் கூடப் போடாதீர்கள்.

தென்றல்_வேகஸ்:

யாரும் சொல்லாத ஒன்று: வார நாள் காலையில் அந்த மேசை அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. பல அறைகள் ஹை ஹேண்ட் (மிகப் பெரிய கை விழுந்தவருக்கான) பரிசும், இத்தனை மணி நேரம் உட்கார்ந்தால் இலவசப் போட்டி என்ற சலுகையும் தருகின்றன. அதற்காகப் பாட்டிலிருந்து ஓரிரு டாலர் தனியாக எடுக்கிறார்கள். வருபவர்களில் பலர் மணிக்கணக்கு ஓடுவதற்காகவும், பரிசுக்குத் தகுதியான கை விழுவதற்காகவும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து சம்பாதிக்க முடியும்தான், ஆனால் அது மணிக்குச் சில டாலர். வெள்ளி இரவு அதே அறையில் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் நாலைந்து பேர் இருக்கும் மேசையில், நீங்கள் இப்போது ஆடும் பொறுமையான ஆட்டத்துக்கே 15 டாலரில் மூன்று கால் வரும். காலையில்தான் நேரம் கிடைக்கிறது என்றால், உட்காரும்போதே மேலாளரிடம் மேசை மாற்றப் பட்டியலில் பெயர் கொடுத்துவிடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் மற்ற மேசைகளில் எந்த பாட் பெரிதாகிறது, எத்தனை பேர் ஃப்ளாப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். மாறும்போது சில்லுகள் முழுவதையும் கொண்டுபோக வேண்டும் என்பது வழக்கமான விதி, ஆகவே நடுவில் பாதியை எடுத்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள்.