வீட்டு வரி ஏறிக்கிட்டே போகுது, தெருவுக்கு என்ன வந்தது?

தெற்குத்தெரு:
இந்த அரையாண்டு ரசீதை இப்பத்தான் எடுத்தேன். எங்களுது 1,000 சதுர அடி வீடு, சென்னை இல்ல, வேற மாநகராட்சி. 2022 மார்ச் வரைக்கும் அரையாண்டுக்கு 1,240 ரூபாய். அந்த ஏப்ரல் சீராய்வுல 600-க்கு மேல 1,200 சதுர அடி வரைக்கும் 50 சதவீதம் ஏத்தினாங்க, 1,860 ஆச்சு. அதுக்கப்புறம் 6 சதவீதம் போட்டு 1,972. வருஷா வருஷம் 6 சதவீதம்னா 12 வருஷத்துல இரட்டிப்பு. தண்ணிக் கட்டணம், பாதாளச் சாக்கடை, குப்பைக் கட்டணம் எல்லாம் தனி. வாசல்ல சாக்கடை மூடி பொங்கலுக்கு முன்னாடியே உடைஞ்சு போச்சு. ஒரு பலகையைப் போட்டு வச்சிருக்கேன். காலையில கோயிலுக்குக் கிளம்புற அம்மாவை தினமும் கையைப் பிடிச்சுத்தான் அந்தப் பக்கம் விடுறேன்.

பழைய வருவாய்ப்பிரிவு:
தம்பி, அம்மா கஷ்டம் புரியுது, மூடியை மாத்தாதது தப்புதான். ஆனா வரிக் கணக்கை முழுசாப் பாருங்க. சென்னையில 1998-க்கு அப்புறமும், மத்த ஊர்கள்ல 2008-க்கு அப்புறமும் பொதுச் சீராய்வு நிலைக்கவே இல்ல. 2018-ல ஏத்தினதை மறு வருஷமே நிறுத்தி வச்சாங்க. உங்க 1,240-ஐ 2008-லேருந்து வருஷம் 6 சதவீதம் ஏத்தியிருந்தா 2022-லயே 2,800 வந்திருக்கும். நீங்க இன்னைக்குக் கட்டுறது அதைவிடக் கம்மி. அந்த 14 வருஷத்துல சம்பளம், டீசல், தெருவிளக்கு மின்கட்டணம் எது ஏறாம இருந்தது? உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் பரிந்துரைக்கிற 15-ஆவது நிதிக்குழுவும் சொத்து வரியைச் சீர்பண்ணாத ஊருக்கு மானியம் கிடையாதுன்னு நிபந்தனை வச்சது.

மளிகைக்கடை:
ஐயா, 14 வருஷம் ஏத்தாம விட்டது யார் தப்பு? ஓட்டுக்குப் பயந்து தள்ளிப்போட்டுட்டு ஒரே நாள்ல எங்க தலையில இறக்கினாங்க. வீட்டுக்காவது 25, 50-னு அடுக்கு வச்சாங்க. கடைக்கு நேரா 100 சதவீதம். 120 சதுர அடிக் கடையும் ஒண்ணு, மூணு மாடி ஜவுளிக்கடையும் ஒண்ணு. நான் சொல்றேன், தெருவே சேர்ந்து ஒரு அரையாண்டு கட்டாம நிறுத்தினாத்தான் வழிக்கு வருவாங்க.

பழைய வருவாய்ப்பிரிவு:
அதை மட்டும் செய்யாதீங்க. தாமதத்துக்கு மாசம் 1 சதவீதம் வட்டி உங்க பேர்லதான் ஏறும். வசூல் படுத்தா முதல்ல அடி வாங்குறது ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் சம்பளம். அதை நான் கண்ணால பாத்திருக்கேன். கடைக்கும் பரப்பளவு அடுக்கு வேணும்னு சொல்றீங்களே, அது நியாயம். அதைக் கேளுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன்.

மாடிப்போர்ஷன்:
சொந்த வீட்டுக்காரங்க மட்டும் பேசுறீங்க. வரி கட்டுறவங்க நாங்களும்தான். 2022-ல எங்க வீட்டுக்காரர் வரியைக் காரணம் காட்டி மாசம் 500 ரூபாய் வாடகை ஏத்தினார். வருஷத்துக்கு 6,000. அவருக்கு ஏறின வரி அதுல கால்வாசி கூட இல்ல. ரசீது அவர் பேர்ல இருக்கிறதால கவுன்சிலர்கிட்ட போனா "ஓனரை வரச் சொல்லும்மா"னு பதில்.

தெற்குத்தெரு:
அக்கா சொல்றது நிஜம். ஐயா, உங்க 2,800 கணக்கைப் போட்டுப் பாத்தேன், சரியாத்தான் வருது. ஏத்தவே கூடாதுன்னு இனிமே வாதாட மாட்டேன். ஆனா கட்டின காசு எங்க போச்சுன்னு தெரியணும்ல? 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல பகுதி சபைன்னு வார்டு மக்கள் கூட்டம் கூட்டினாங்க. போனேன். எங்க வார்டுல வடிகாலுக்கு எவ்வளவு செலவுன்னு கேட்டேன். பட்ஜெட் புத்தகத்தைக் காட்டினாங்க. ஊர் மொத்தத்துக்கும் ஒரே தொகை. என் தெருப் பேரு ஒரு பக்கத்துலயும் இல்ல.

பழைய வருவாய்ப்பிரிவு:
பட்ஜெட்டுல தெரு வராது, தம்பி. அது எம்-புக்குல இருக்கும். வேலை முடிஞ்சதும் பொறியாளர் எத்தனை மீட்டர், எத்தனை மூடின்னு அளந்து எழுதுற புத்தகம். அதை வச்சுத்தான் ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் ஆகும். தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி, வார்டு எண், தெருப் பேர் போட்டு, மூணு வருஷத்து நகல் கேளுங்க. 30 நாள்ல பதில் தரணும். கேட்கிறதுக்கு வரி ரசீது வேணாம். வாடகைக்கு இருக்கிற மாடிப்போர்ஷன் அம்மாவும் கேக்கலாம்.

மளிகைக்கடை:
கேட்டு வாங்கி? அதுக்குள்ள அடுத்த 6 சதவீதம் வந்துடும்.

தெற்குத்தெரு:
வரட்டும் அண்ணே. ஏப்ரல் 30-க்குள்ள கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, நான் கட்டிடுறேன். ஆனா மனுவும் எழுதிட்டேன். தெற்குத் தெரு வடிகால், மூடி மாத்தின விவரம், எம்-புக் நகல். மாத்தியாச்சுன்னு அதுல எழுதியிருந்தா, அந்தப் பலகையோட போட்டோவை அதுகூடவே வச்சு ஆணையர்கிட்ட கொண்டுபோவேன். மாடிப்போர்ஷன் அக்கா, உங்க தெருவுக்கும் ஒண்ணு எழுதித் தரேன், பேரும் வார்டு எண்ணும் மட்டும் நீங்க போட்டுக்கோங்க.