சுனாமி வருதெண்டு முதல்ல சொன்னது ஆர்?

கல்லடியிலிருந்து:
2012 ஏப்ரல் 11. சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம். எங்கள் ஒழுங்கையே கல்லடிப் பாலத்தைப் பார்த்து ஓடியது. பயந்த அளவுக்கு அலை வரவில்லை. ஆனால் செய்தியைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் வீட்டில் இன்றைக்கும் மூன்று பதில். "கிராம சேவகர்தான் சொன்னவர்" என்பா பெரியம்மா. சித்தப்பாவுக்கு அது ரேடியோ. தம்பி மட்டும், மீன்கார அண்ணன் பெட்டி நிறைய மீனோடு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து கத்தினார் என்கிறான். அந்த அண்ணனிடமே கேட்டோம். திருக்கோவிலில் இருக்கிற மச்சான் போனில் சொல்ல, அவர்தான் ஓடி வந்திருக்கிறார்.

பெரியம்மா பொய் சொல்லவில்லை. 2004இல் பட்டவ. சத்தம் கேட்டதும் பேரப்பிள்ளையைத் தூக்கவும் காணி உறுதிப் பையை எடுக்கவும் மனம் போய்விட்டது. "சுனாமி" காதில் விழுந்தது, சொன்ன முகம் பதியவில்லை. பிறகு யோசிக்கும்போது, இப்படியான அறிவித்தலை யார் சொல்லுவாரோ அவரையே மனம் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. உளவியலாளர் மார்சியா ஜோன்சனும் கூட்டாளிகளும் 1993இல் விளக்கியது இதைத்தான்: நினைவில் சொன்னவர் பெயர் எழுதி ஒட்டியிருக்காது. குரல், இடம், சாத்தியம் பார்த்துப் பிறகுதான் தீர்மானிக்கிறோம். தம்பி திண்ணையில் சும்மா இருந்தவன். விற்காமல் திரும்பிய மீன்காரரை அதிசயமாகப் பார்த்தவன். அதனால் சொன்ன முகம் அவனுக்குப் பதிந்துவிட்டது.

மருதமுனையிலிருந்து:
எங்கட வாப்பாட கதை இதைவிடப் பயம். அம்பாறை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சீனி வருத்தத்துக்கு ஒரு பட்டைக் கசாயம் சொன்னார், குளிசையை விடலாமாம். அன்றைக்கு வாப்பா சிரித்தார். கொஞ்ச நாள் போக, "டொக்டர்தான் சொன்ன" என்று குளிசையை நிறுத்தப் பார்த்தார். பஸ்ஸில் கூட இருந்த உம்மா விடவில்லை. உளவியலாளர்கள் ஹொவ்லண்டும் வைஸும் இப்படியானதை 1951இல் சோதித்துப் பார்த்தார்கள். நம்பிக்கையில்லாத ஆள் சொன்னது முதலில் குறைவாகத்தான் எடுபட்டது. நான்கு வாரத்தில் அந்த வித்தியாசமே இல்லை. சொன்னவர் கழன்றுபோய், சங்கதி மட்டும் நின்றுவிட்டது. இப்போது உம்மா கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவைக்கிறா: ஆர் சொன்ன, எங்க வெச்சிச் சொன்ன.

வாழைச்சேனையிலிருந்து:
எதிர்பாராத ஆள் சொன்னால் மறக்காது என்று நம்பி இருக்கவேண்டாம். கவனம் வேறெங்காவது இருந்தால் அதுவும் போய்விடும். உரம் பிந்தும் என்று லொறி டிரைவர் சொன்னதைக் காசு எண்ணிக்கொண்டே கேட்ட மாமா, கமநல நிலையத்தில் சொன்னதாக வயல்காரர் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அதே டிரைவர் அடுத்த லோட்டோடு வந்து, "நான்தானே அண்ணே சொன்னது" என்றபோதும் மாமா ஒத்துக்கொள்ளவில்லை.