கால்டரின் கம்பி சர்க்கஸ்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை உரையாடல்

கதிர் (நியூ ஜெர்சி): அனைவருக்கும் வணக்கம். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் செய்த ‘சர்க்கஸ்’ பொம்மைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். கம்பி, கார்க், கம்பளி நூல், துணி, பொத்தான், பாட்டில் மூடி, ரப்பர் குழாய் என்று வீட்டில் கிடப்பவற்றையே கொண்டு, 1926 முதல் 1931 வரை பாரிசில் அவர் இவற்றை உருவாக்கியிருக்கிறார். தொடங்கியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

நளினி அத்தை: நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேனப்பா, சிங்கத்தின் முகம் மனத்தை அள்ளுகிறது. ஆனால் கையடக்கப் பொம்மைகளைக் கண்ணாடிக்குள் வைத்துப் பெரிய கலை என்று சொல்வதன் காரணம் எனக்கு விளங்கவில்லை.

தமிழினி: அத்தை, அவை கண்ணாடிக்குள் இருப்பதுதான் சிக்கலே. அவை ஆடுவதற்காகச் செய்யப்பட்டவை. கால்டர் அழைப்பிதழ் அச்சிட்டு நண்பர்களை வரவழைத்து, வேர்க்கடலை கொடுத்து உட்காரவைத்து, தரையில் மண்டியிட்டபடி ஒவ்வொரு பொம்மையையும் தம் கையாலேயே இயக்கி, முழு சர்க்கஸையும் நடத்திக் காட்டுவார். மனைவி லூயிசா கிராமபோனில் இசைத்தட்டு போடுவார். ரிகுலோ என்ற பளுதூக்கும் வீரர் குனிந்து, எடைக்கம்பியைக் கைக்கொக்கியில் மாட்டிக்கொண்டு, மெல்ல நிமிர்வார். ஈட்டி எறியும் காட்சியில் குறி தவறிப் பெண் பொம்மை சாய்ந்துவிட, இருவர் தூக்குப் படுக்கையோடு ஓடிவருவார்கள். மீரோ, மோந்திரியான், லெஜே போன்ற பெரிய ஓவியர்களெல்லாம் இந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள். என்னைக் கேட்டால், அந்தப் பொம்மைகளின் நகைச்சுவை முகத்தில் இல்லை, அசைவில்தான் இருக்கிறது.

சுந்தரம் பெரியப்பா: தமிழினி சொல்வது மிகச் சரி. கால்டர் 1919-இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றவர் என்பதை மறந்துவிட்டு இந்தச் சர்க்கஸைப் பார்க்கக் கூடாது. பார் விளையாட்டுப் பொம்மையின் கை ஒரு வளைந்த கம்பிதான்; அது ஊசலாடி வந்து, எதிர்க் கம்பியில் சரியாக மாட்ட வேண்டுமானால், எடை எங்கே நிற்க வேண்டும், கயிறு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் செய்பவனுக்குக் கைவந்திருக்க வேண்டும். மாட்டாமல் கீழே விழுவதும் உண்டு. பார்ப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது அதனால்தான். காற்றில் அசையும் அவருடைய தொங்கு சிற்பங்கள் இந்தச் சமநிலைக் கணக்கிலிருந்துதான் பிறந்தன என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவருடைய அசையும் சிற்பங்களுக்கு ‘மொபைல்’ என்று 1931-இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப்.

கதிர்: இன்னொன்றும் சொல்ல வேண்டும், பெரியப்பா. 1982-இல் இந்தத் தொகுப்பு கைவிட்டுப் போகாமல் இருக்க, பொதுமக்களிடம் நிதி திரட்டி, பன்னிரண்டு லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து அருங்காட்சியகம் வாங்கியிருக்கிறது.

நளினி அத்தை: பொம்மைகளுக்காக ஊரே பணம் போட்டது என்றால் வியப்பாகத்தான் இருக்கிறது. அவர் ஆட்டிக் காட்டுவதை இப்போது பார்க்க வழியே இல்லையா?

தமிழினி: இருக்கிறது, அத்தை. 1961-இல் கார்லோஸ் விலார்தெபோ எடுத்த படத்தில், தலை நரைத்த கால்டர் பெரிய கைகளால் அந்தச் சின்னப் பொம்மைகளை நகர்த்துகிறார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுகிறேன்.

சுந்தரம் பெரியப்பா: நானும் வருகிறேன். ரிகுலோ நிமிரும் இடத்தில் மட்டும் படத்தை நிறுத்து, தமிழினி. கயிறு எந்தப் பக்கத்திலிருந்து இழுக்கப்படுகிறது என்று நான் பார்க்க வேண்டும்.